அப்பாவோட நடைக்கு ஒரு ஷூ

அளவு பத்தா பதினொண்ணாங்கறதெல்லாம் விடுங்கண்ணே. என் கால் உள்ள நீச்சல் அடிச்சாலும் பரவால்ல, ரெண்டு மூணு சாக்ஸ திணிச்சுக்குவேன். எனக்கு வேண்டியது சத்தம். இதோ, கீழ வச்சுத் தட்டினா தொப்பு தொப்புனு இருக்கு பாருங்க, ரப்பர் அடி. எனக்கு அடி தோலா இருக்கணும், குதிகால் கெட்டியா இருக்கணும். வீட்டுக்காரருக்கா? இல்லண்ணே, எனக்குத்தான். ஆமா, ஆம்பள ஷூவேதான். அப்படி மேலயும் கீழயும் பாக்காதீங்க, நல்ல புத்தியோடதான் வந்திருக்கேன்.

இந்தக் கம்பளத்த இப்படி ஓரமா மடிச்சுக்கட்டுமா? கம்பளத்து மேல எதப் போட்டு நடந்தாலும் பூனை நடந்த மாதிரிதான் இருக்கும். உங்க மேனேஜர் முறைக்கறாரு. முறைக்கட்டும், போகும்போது நானே விரிச்சு விட்டுட்டுப் போறேன்னு சொல்லுங்க.

சொல்றேன், சொல்றேன். சினிமால நடக்கறது என் வேலை. நடிக்கறது இல்லண்ணே, நடக்கறது. இந்த மூஞ்சிய எவன் படத்துல போடுவான்? படத்துல ஒருத்தர் நடந்து வராருன்னு வைங்க. ஷூட்டிங்ல அவரு பேசறதுக்குத்தான் மைக்க வைப்பாங்க, நடைக்கு யாரு வைக்கறா? பக்கத்துல ஜெனரேட்டர் ஓடும், எவனாவது இருமுவான். அதனால படம் எடுத்து முடிச்சப்புறம், ஒரு மூடின ரூம்ல நான் நின்னுக்கிட்டு, திரைல அந்த ஆளப் பாத்துக்கிட்டே, அவரு கால் வைக்கற நேரத்துக்கு நான் கால் வைக்கணும். அவரு தயங்கினா நானும் தயங்கணும். அவரு ஓடினா நானும் நின்ன எடத்துலயே ஓடணும். ஃபோலினு அதுக்குப் பேரு. பேரு தெரிஞ்சு என்ன ஆகப்போகுது, எங்கம்மாவே அக்கம்பக்கத்துல எம்பொண்ணு சினிமால ஏதோ கம்ப்யூட்டர் வேலை பாக்குறானு சொல்லி வச்சிருக்காங்க.

நடை மட்டும் இல்ல. கதவு கிறீச்சுங்கறது, சாவி குலுங்கறது, ஒருத்தர ஒருத்தர் கட்டிப்பிடிச்சா துணி உரசறது, எல்லாம் நாங்கதான். போன வருஷம் ஒரு படத்துல ஒரு முத்தத்துக்குத் தியேட்டரே மூச்சப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்துச்சு. அது என் மணிக்கட்டுக்கு நானே குடுத்த முத்தம்ணே. சிரிங்க, சிரிங்க. அதுல நடிச்ச பொண்ணு பேட்டி குடுக்குது, எல்லாரும் என் நடை ஒரு தனி அழகுனு சொல்றாங்கனு. அடியே, அது என் நடைடீனு டிவியப் பாத்துக் கத்தினேன். என் வீட்டுக்காரரு எந்திரிச்சு வந்து டிவிய அணைச்சுட்டுப் போய்ட்டாரு.

ஐயோ, அது என்ன சத்தம்? ஓ, அந்தக் குட்டிப் பாப்பாவோட செருப்பா. காலு வச்சா கீச்சு, தூக்கினா கீச்சு. இதக் கண்டுபிடிச்சவன் மட்டும் என் கைல கிடைக்கட்டும். பாப்பா, போதும்டா கண்ணு, செருப்பு அழகா இருக்கு, அம்மாகிட்ட போ. பாருங்க, இன்னும் வேகமாக் குதிக்குது. எனக்குக் காது அப்படிண்ணே, சும்மா போற சத்தமெல்லாம் உள்ள வந்து உக்காந்துக்கும்.

சரி, அந்தக் கறுப்ப எடுங்க. அதில்ல, பக்கத்துல இருக்கறது. ம்... இது கொஞ்சம் தேவலாம்.

பிரச்சனை என்னன்னா, ஒரே ஒரு சீன். மொத்தப் படத்துக்கும் சத்தம் போட்டு முடிச்சாச்சு, இந்த ஒரு சீன்ல வந்து உயிர எடுக்கறான் டைரக்டர். ஒரு சின்னப் பையன் தரையில படுத்து ஏதோ வரைஞ்சுக்கிட்டு இருக்கான். வெளில மரப்படில யாரோ ஏறி வர்ற சத்தம். பையன் தலையத் தூக்கறான், சிரிக்கறான். அப்பா வந்துட்டாரு. அவ்வளவுதான் சீன். அப்பா கண்ணுலயே படமாட்டாரு, கதவு திறக்கறதோட முடிஞ்சு போகும். அப்போ அந்தப் படில ஏறி வர்ற மனுஷன் நல்லவனா கெட்டவனா, பையன் சிரிக்கலாமா கூடாதா, எல்லாம் என் காலுலதானே இருக்கு? சொல்லுங்க.

நானும் நடந்து பாத்துட்டேன், அப்படி நடந்து பாத்துட்டேன். புது ஷூ, பழைய ஷூ, ஈரத் துணிய அடில ஒட்டிக்கிட்டு, பலகைக்கு மேல மெத்தைய விரிச்சு. எப்படி நடந்தாலும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உக்காந்துக்கிட்டு தலைய ஆட்டறான். இது இல்ல, இது இல்ல, இது பயமா இருக்குங்கறான். என்னதான்டா வேணும்னா, அது பஞ்சு மேல நடக்கற மாதிரி இருக்கணுமாம். சரி. ரொம்ப தூரத்துலருந்து வர்ற மாதிரி இருக்கணுமாம், ஆனா பக்கத்துலயும் இருக்கணுமாம். சரி, அதையும் விடு. கூடவே கடல் மாதிரி ஒரு இரைச்சல் வேணுமாம்! மரப்படில ஏறி வர்றவனுக்குக் கடல் எங்கிருந்துண்ணே வரும்? எங்க சவுண்ட் இன்ஜினியர் பாவம், காத்து சத்தம் சேத்துப் பாத்தாரு, மழை சேத்துப் பாத்தாரு, கடைசில நிஜமாவே அலைச் சத்தத்தப் போட்டுப் பாத்தாரு. எதுவும் இல்லையாம். மனுஷன் ஹெட்ஃபோனக் கழட்டி மேசைல வீசிட்டு டீ குடிக்கப் போனவருதான், பாதி நாள் ஆளக் காணோம்.

ஒரு நிமிஷம்ணே, ஃபோன். ஆங், சொல்லு. கடைலதான் இருக்கேன். ஷூக் கடைல, வேற எங்க? வரேன்டா. சாயங்காலத்துக்குள்ள வந்துருவேன். என்னது? ஏன், உனக்கு ரெடிமேட் சத்தம் வேணும்னா போட்டுக்கோ, யாரு வேணாங்கறா? எவனோ ஒருத்தன் எங்கயோ நடந்தத எடுத்து அப்பானு போட்டுக்கோ. நான் கத்தல. கத்தலடா. சாப்டியா நீ? சாப்டுட்டு உக்காரு, வெறும் வயித்துல காபியா ஊத்திக்காத. வைக்கறேன்.

பாத்தீங்களா? அவன்தான் டைரக்டர். ஆமா, வாடா போடாதான் சொல்வேன். என் தம்பிண்ணே. கூடப்பொறந்த தம்பி. ஸ்டுடியோல எல்லாரும் சார் சார்ங்கறாங்க, எனக்கு வாயில வர மாட்டேங்குது. முதல் படம். சாயங்காலம் கடைசி மிக்ஸிங். எல்லாச் சத்தத்தையும் ஒண்ணாச் சேத்து மூடிருவாங்க, அதுக்கப்புறம் தலைகீழா நின்னாலும் மாத்த முடியாது. அதுக்குள்ள நான் நடந்து குடுக்கலன்னா டிஸ்க்ல இருக்கற ஏதோ ஒரு நடைய எடுத்துப் போட்டுருவேன், நீ வரவேண்டாம்க்காங்கறான். வரவேண்டாம்க்காவாம். பால் புட்டி கழுவின கை இது.

நீங்க சரியாத்தான் புடிச்சீங்க. அந்தச் சின்னப் பையன் அவன்தான். கதைனு பேரு, எல்லாம் எங்க வீடுதான். அதே மரப்படி, அதே கதவு, கதவுல உரிஞ்ச பச்சை பெயின்ட் வரைக்கும் செட்டுல போட்டு வச்சிருக்கான். படில ஏறி வர்றது எங்கப்பா. அப்பா போனப்போ அவனுக்கு ஆறு வயசுகூட ஆகல. நான் அவனுக்கு ஏழு வயசு மூத்தவ.

அதுலதான்ணே எனக்குப் பத்திக்கிட்டு வருது. எங்கப்பா எப்படி நடப்பாருனு எனக்குத் தெரியாதா? உலகத்துல வேற எவன் நடையையும் விட எனக்கு அந்த நடை தெரியும். வலது குதிகால் முதல்ல விழும், ணங்குனு. இடது கொஞ்சம் இழுத்துக்கிட்டு வரும். நடுவுல ஒரு பலகை ஆடும், அதுல மட்டும் ரெண்டு சத்தம். அப்புறம் மேல்படி. மேல்படில வந்து நிப்பாரு. கதவத் திறக்க மாட்டாரு, சும்மா நிப்பாரு. கொஞ்ச நேரம் நின்னா அன்னிக்குத் தப்பிச்சோம். ரொம்ப நேரம் நின்னா... விடுங்க. நான் இந்த வேலைக்கு எப்படி வந்தேன்னு எல்லாரும் கேப்பாங்க. காலடிச் சத்தத்த வச்சே ஆள் என்ன மனநிலைல வராருனு சொல்லிருவியே, எங்க கத்துக்கிட்டனு கேப்பாங்க. எங்க கத்துக்கிட்டேன்? வீட்டுலதான்.

வெளில தங்கமான மனுஷன்ணே. தெருவுல யார வேணா கேளுங்க. குரல உயர்த்திப் பேச மாட்டாரும்பாங்க. வீட்டுக்குள்ள வந்தா என்னன்னு எங்கம்மாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அம்மாவுக்கு இன்னிக்கும் இடது கை முழுசா மேல தூக்க வராது. குளியலறைல வழுக்கி விழுந்துட்டேன்னு டாக்டர்கிட்ட சொன்னாங்க. நான் பக்கத்துல நின்னுக்கிட்டு ஆமா டாக்டர்னு தலைய ஆட்டினேன்.

அந்த ஆளத்தான் நல்லவனா நடந்து காட்டுங்கறான். என் கால வச்சே. தியேட்டர்ல அத்தனை பேரும் அந்தக் காலடிச் சத்தத்தக் கேட்டு, ஐயோ பாவம், எப்பேர்ப்பட்ட அப்பா, இவ்வளவு சீக்கிரம் போய்ட்டாரேனு கண்ண தொடைக்கணும். அதுக்கு நான் நடக்கணும்! எந்தப் பாவி காலுக்கு வேணா நடந்திருக்கேன்ணே. கொலைகாரனுக்கு நடந்திருக்கேன், பேய்க்கு நடந்திருக்கேன். பேய்க்குக் காலே இல்லம்பாங்க, அதுக்கும் நடந்து குடுத்தேன். இதுக்கு மட்டும் கால் வர மாட்டேங்குது. வேணும்னு கெடுக்கறேன்னு நினைக்கறான். சத்தியமா இல்ல. பலகை மேல ஏறினா கால் தானா அந்த ணங்குக்குப் போயிருது.

சொல்லிட வேண்டியதுதானேனா, எப்படிச் சொல்றது? நேத்து வாய் வரைக்கும் வந்துச்சு. டேய், நீ நினைக்கற மாதிரி இல்லடா அவருன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். அவன் எல்லார் முன்னாடியும், உனக்கு அப்பாவ எப்பவுமே பிடிக்காதுக்கா, அவரு செத்தப்போகூட நீ அழலன்னுட்டான். இன்ஜினியர் ஏதோ ஒயர நோண்டற மாதிரி குனிஞ்சுக்கிட்டாரு. நான் ஷூவக் கழட்டி வச்சுட்டு வெறுங்காலோட வெளில வந்துட்டேன்.

வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட சொன்னா, அம்மா என்ன சொல்றாங்க தெரியுமா? விடுடீ, நமக்குத்தான் வாய்க்கல, அவனாவது ஒரு நல்ல அப்பாகிட்ட வளந்தவனா இருந்துட்டுப் போறான்னு. அம்மாவுக்கு அவன் செல்லம். எனக்கும்தான். அவன் சிரிச்சா வீடே சிரிக்கும், சின்னதுலருந்தே அப்படி. ஆனா எனக்கு ஆத்திரமா வருதுண்ணே. நான் பட்டது பொய்யா அப்ப? ரெண்டு பேரும் ஒரே வீட்டுலதான இருந்தோம், ஒரே படிதான, இவனுக்கு மட்டும் பஞ்சு எங்கருந்து வந்துச்சு, கடல் எங்கருந்து வந்துச்சு? பொய் சொல்றான், இல்ல கனவு கண்டுட்டு அதையே நிஜம்னு புடிச்சுக்கிட்டு நிக்கறான்.

அதான் வந்தேன். இருக்கறதுலயே மெத்துனு ஒண்ண வாங்கி, கண்ண மூடிக்கிட்டு நடந்து குடுத்துட்டுப் போயிரலாம்னுதான் வீட்டுலருந்து கிளம்பினேன். இங்க வந்தா என் கை தானா தோல் அடியத்தான் தேடுது. நீங்களே பாத்தீங்க இல்ல.

ஒண்ணு செய்ங்களேன். இந்தக் கறுப்ப நீங்க போட்டுக்கிட்டு ஒரு நடை நடந்து காட்டறீங்களா? போட்டிருக்கறவங்களுக்குக் கால் எலும்பு வழியா கேக்கும், வெளில இருந்து கேக்கறது வேற. உங்க உடம்பும் கிட்டத்தட்ட அவரு உடம்புதான். தப்பா எடுத்துக்காதீங்க, உடம்பத்தான் சொன்னேன். அதோ, பின்னாடி ஸ்டோருக்கு மேல போற மரப்படி இருக்கே, அதுல ஏறுங்க. மேனேஜர நான் பாத்துக்கறேன். சார், ஒரே நிமிஷம் சார், ஷூ எடுத்துக்கறதுதான், வேற ஒண்ணும் இல்ல.

ஆங், ஏறுங்க. குதிகால முதல்ல வைங்க. ம். ம். பாத்தீங்களா, அதான், அதேதான் எங்கப்பா. இறங்கிட்டு இன்னொரு தடவ... ஐயோ, இந்தப் பாப்பா! பாப்பா, கொஞ்சம் சும்மா இரேன்டா! என்னம்மா நீங்க, ரெண்டு காலுக்கும் மாட்டி விட்டுட்டீங்களா? சரி, நான் காதப் பொத்திக்கறேன். நீங்க பாட்டுக்கு ஏறுங்கண்ணே, நான் காலப் பாத்துக்கறேன், காலப் பாத்தாலே எனக்குத்...

அண்ணே.

நில்லுங்க. இல்ல, நிக்காதீங்க, இறங்கிட்டுத் திரும்ப ஏறுங்க. அதே மாதிரி. இன்னும் ஓங்கி வைங்க, படி உடைஞ்சாலும் பரவால்ல.

இன்னும் ஒரே ஒரு தடவ.

இல்லண்ணே, ஒண்ணும் இல்ல. கண்ணுல ஏதோ விழுந்துருச்சு. உக்காந்துக்கறேன், நீங்களும் உக்காருங்க, மூச்சு வாங்குது உங்களுக்கு. தண்ணி வேணாம். நீங்க உங்க காத ஒரு நிமிஷம் பொத்திப் பாருங்களேன். நல்லா அழுத்தி, ரெண்டு உள்ளங்கையாலயும். நான் இப்படித் தரைல தட்டறேன். எப்படிக் கேக்குது? பஞ்சு மாதிரி. தூரத்துலருந்து வர்ற மாதிரி. கூட ஒரு இரைச்சல் கேக்குதா, ஓஓனு? அது கைக்குள்ள ஓடற ரத்தமோ நரம்போ என்னவோ சொல்லுவாங்க. கடல் மாதிரி இல்ல?

அவன் பொய் சொல்லலண்ணே. கனவும் காணல. அவன் கேட்டது அதத்தான்.

அவன் காத யாரு பொத்தினதா? நான்தான்ணே. வேற யாரு? கீழ்ப்படில அந்த முதல் ணங்கு கேட்டதும் அவனத் தூக்கிக்கிட்டுப் போய் அலமாரிக்கும் சுவத்துக்கும் நடுவுல இருக்கற இடுக்குல உக்காந்துக்குவேன். அவன மடில வச்சுக்கிட்டு ரெண்டு காதையும் அழுத்திப் பொத்திருவேன். கடல் வருதுடா, கடல் கேக்குதா பாருன்னு அவன் முகத்துக்கு நேரா வாய அசைப்பேன். அவனுக்கு அது வெளையாட்டு. கேக்குது கேக்குதுனு சிரிப்பான். வெளில எல்லாம் முடிஞ்சு அம்மா வந்து அலமாரியத் தட்டற வரைக்கும் கைய எடுக்க மாட்டேன். தினமும் அதுதான். அப்புறம் அப்பா குளிச்சுட்டு வந்து அவனத் தூக்கிக் கொஞ்சுவாரு. அவனுக்குத் தெரிஞ்ச அப்பா அவருதான்.

எனக்கு ஏன் இத்தன நாளா தோணலன்னா, எப்படித் தோணும்? என் ரெண்டு கையும் அவன் காதுல இருந்துச்சு. என் காதப் பொத்த கை ஏது?

சரி, இந்தக் கறுப்பையே போட்டுக் குடுங்க. மெத்துனு இருக்கறதெல்லாம் எடுத்து உள்ள வைங்க. கம்பளத்த நான் விரிச்சு விட்டுர்றேன். இல்ல, அவன்கிட்ட ஒண்ணும் சொல்லப் போறதில்ல. சத்தம் கிடைச்சுருச்சுனு மட்டும் சொல்லிக்கறேன்.

ஆனா உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்ணே, முடியாதுன்னு சொல்லிராதீங்க. சாயங்காலத்துக்கு முன்னாடி ஒரு மணி நேரம் வெளில வர முடியுமா? ஸ்டுடியோ இங்கருந்து பக்கந்தான், நானே கொண்டு வந்து விட்டுர்றேன். இந்த ஷூவப் போட்டுக்கிட்டு நீங்க ஒரே ஒரு தடவ மரப்படில ஏறணும், இப்ப ஏறின மாதிரியே. எனக்கு நடக்க முடியாது. மைக்க ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டு நிக்கணும்.